நூறு சொற்களில் காரணம்

கல்லூரியிலிருந்து ஆறு செமினார்களின் பட்டியல் ஜூலையில் வந்தது. முதலாண்டில் ஒன்றைப் படித்தே ஆகவேண்டும். பிடித்த வரிசையில் எண் போட்டு, முதலாவதற்கு மட்டும் நூறு சொற்களில் காரணம் எழுத வேண்டும்.

பன்றி இறைச்சி ஆலையில் பகல் ஷிஃப்ட் முடித்து வந்த அப்பா, பிளீச்சிங் நாற்றத்தோடு என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"செவ்வாய்க் கிரகம், பேய்க்கதை... இதையெல்லாமா படிக்கப் போற?"

"அஞ்சாவதப் பாருங்கப்பா."

"'இறைச்சியும் உழைப்பும்'." சிரித்தார். "அடிப்பாவி, இதுக்கு காலேஜ் எதுக்கு? நாளைக்கு எங்கூட வா, ஓசியிலயே சொல்லித் தரேன்."

பதினைந்து இடங்கள்தான். வீட்டுக் கஷ்டத்தை எழுதினால் கதவு திறக்கும் என்று சேர்க்கை மனுவின்போதே பள்ளியில் பழக்கியிருந்தார்கள். இப்படி எழுதினேன்: தோள்கறி வெட்டும் மேஜையில் பத்தொன்பது வருஷமாக நிற்கும் என் அப்பா ஃபெர்மின் கிரோகாவுக்கு வலக்கையில் இரண்டு விரல்கள் மரத்துவிட்டன. கத்தி நழுவுகிறது. தெரிந்தால் அனுப்பிவிடுவார்கள் என்று ஆலையில் மறைத்து வேலை செய்கிறார். அவரிடம் காட்டாமல் அனுப்பிவிட்டேன்.

பத்து நாளில் பதில். கேட்டதே கிடைத்திருந்தது. நான் போட்ட கூச்சலில் அப்பா பீன்ஸ் தட்டோடு வந்து உட்கார்ந்தார்.

"படி, கேப்போம்."

படித்தேன். ஒருவரையொருவர் அறிந்துகொள்ள எல்லோருடைய காரணங்களும் இன்று வகுப்பு முழுவதற்கும் அனுப்பப்பட்டுள்ளன. பேராசிரியரோடு சேர்ந்து பாடம் நடத்தப்போகிறவருக்கும். அவர் பெயரில் என் குரல் நின்றது.

"யாரும்மா?"

"லோர்னா வைபெல். உங்க ஆலையில தொழிலாளர் பாதுகாப்பு மேனேஜர்."

"லோர்னாவா! நல்ல பொம்பள. பிறந்தநாளுக்குக் கேக் வாங்கித் தருவா." டார்ட்டியா ரொட்டியைக் கிழிக்கப் பார்த்து, முடியாமல் இடக்கைக்கு மாற்றினார். "நீ என்ன எழுதின?"

திரையை அவர் பக்கம் திருப்பினேன். உதடுகளை அசைத்து அசைத்துப் படித்தார்.

"பேரு வேற போட்டிருக்க."

"நாளைக்கு லீவு போடுங்கப்பா."

"போட்டா? நாளன்னைக்குப் போகணுமே." தட்டைத் தள்ளி வைத்தார்.

மறுநாள் விடிவதற்குள் கிளம்பிவிட்டார். ஷிஃப்ட் மூன்றரைக்குத்தான் முடியும். காலை ஒன்பதரைக்கே எங்கள் வாசலில் அவர் வண்டி வந்து நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் இறங்கவில்லை.