பாதியில் அறுந்த சொல்

வீட்டின் பின்பக்கத் தோட்டத்தில், கடைசிச் சுவரை ஒட்டி ஒரு கொட்டகை இருந்தது. மாமனார் தன் உளி, இழைப்புளி, மிச்ச மரத்துண்டுகளையெல்லாம் அதில்தான் போட்டுவைத்திருந்தார். மருமகளுக்கு வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை கிடைத்ததும், யாரும் கேட்காமலே அதைக் காலி செய்து ஓர் அலுவலக அறையாக மாற்றிக் கொடுத்தார். நாற்பது வருடம் தச்சு வேலை பார்த்த கை. கதவைச் சாத்தினால் ஒரு முடி நுழைய இடம் இருக்காது. சுவரின் உட்பக்கம் முழுக்க வெள்ளித்தாள் ஒட்டிய தடித்த பலகைகளை அடித்து, அதன் மேல் மரம் பதித்திருந்தார். வெயிலும் அண்டாது, குளிரும் அண்டாது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெளிநாட்டு மருத்துவமனைகளில், அந்த நாட்டு மொழி தெரியாத தமிழ் நோயாளிகளுக்கும் மருத்துவர்களுக்கும் நடுவில் வீடியோ வழியாக மொழிபெயர்ப்பதுதான் அவள் வேலை. பேசுவது வேறு எவர் காதிலும் விழக் கூடாது என்பது கண்டிப்பான விதி. வீட்டுக்குள் அது நடக்காது. கணவன் பஸ் ஓட்டுநர். ஷிப்ட் முடிந்து வந்து பகலில் தூங்குவான். மாமனாருக்குக் காது மந்தம், அவர் டி.வி. போட்டால் தெருமுனை வரை கேட்கும். அதனால் தோட்டத்து அறை அவளுக்குப் பெரிய வரமாக இருந்தது.

ஆனால் இன்டர்நெட் முன்னறையில் இருந்தது. அங்கிருந்து தோட்டத்துக்குக் கம்பி இழுத்துவிடலாம் என்று ஆரம்பத்திலேயே அவள் சொன்னாள். மண்ணைத் தோண்ட வேண்டும், புதுச் சுவரில் துளை போட வேண்டும் என்றதும் மாமனாரின் முகம் சுருங்கிவிட்டது. காற்றில் வருகிற சமாச்சாரத்துக்குக் கம்பி எதற்கு என்று கேட்டார். அவள் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. சிக்னலை வாங்கித் தள்ளிவிடும் ஒரு சின்னப் பெட்டியை வாங்கி, சமையலறை ஜன்னலில் வைத்துச் சமாளித்தாள். பெரும்பாலும் ஓடியது. வாரத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவை படம் உறைந்து நிற்கும். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மறுபடி சொல்லச் சொல்லி, விட்ட இடத்தில் தொடர்வாள். நான்கு மாதத்தில் அது பழகிப்போய்விட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தையல் வேலை செய்கிற ஓர் அம்மாவும் அவர் கணவரும் திரையில் வந்தார்கள். அந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கைப்பையை மடியில் வைத்து, அதன் பிடியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டிருந்தார். வயிற்றுக்குள் இருந்த கட்டியைப் பற்றிய முடிவைச் சொல்ல மருத்துவர் அழைத்திருந்தார். அவர் சுற்றி வளைக்காமல் மெதுவாகச் சொன்னார். அவள் அதைத் தமிழில் எடுத்துச் சொல்லத் தொடங்கினாள்.

"அம்மா, இந்தக் கட்டி பெரிய ரத்தக்குழாயச் சுத்தி இருக்கு. டாக்டர் எல்லாப் படத்தையும் பார்த்துட்டாங்க. இத ஆபரேஷன் பண்ணி எடுக்க முடி—"

திரை உறைந்தது. பிறகு கறுத்தது.

அவள் கம்ப்யூட்டரை நிறுத்திப் போட்டாள். கைப்பேசியில் முயன்றாள்; அந்த அறைக்குள் அதற்கும் சிக்னல் கிடையாது. வெளியே ஓடி வந்து, தோட்டத்து நடுவில் நின்று, கைப்பேசிப் பொத்தான்களை மாற்றி மாற்றி அழுத்தினாள்; அழைப்பு சேரவில்லை. கடைசியில் சமையலறைக்கு ஓடி, பெட்டியைப் பிடுங்கிச் செருகி, மறுபடி அறைக்கு வந்து உட்கார்ந்தபோது ஒன்பது நிமிடம் ஆகியிருந்தது.

திரை திறந்ததும் அவள் பார்த்தது சிரிப்பை. தையல்காரம்மா கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு மகளிடம் பேசிக்கொண்டிருந்தார். "எடுத்துடலாம்னு சொல்லிட்டாங்கடி," என்றார். கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டார். மருத்துவர் ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொல் எங்கே அறுந்தது என்று அவளுக்குப் புரிந்தது. நடந்ததை முதலில் மருத்துவரிடம் சொன்னாள். அவர் திருத்திச் சொல்லுங்கள் என்றார். தள்ளிப்போட்டால் இன்னும் கொடுமை என்று அவளுக்குத் தெரிந்தது.

"அம்மா, நான் சொன்னது பாதியில அறுந்துபோச்சு. டாக்டர் சொன்னது, எடுக்க முடியாதுன்னு. மருந்து குடுத்துப் பார்க்கலாம்னு சொன்னாங்க. என்ன மன்னிச்சிடுங்க."

தையல்காரம்மா கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மறுமுனையில் மகள் சந்தோஷமாக என்னவோ கேட்டுக்கொண்டே இருப்பது அறை முழுக்கக் கேட்டது. கணவர்தான் மெல்ல அதை வாங்கி அழைப்பைத் துண்டித்தார்.

அன்றைக்கு மீதி இருந்த அழைப்புகளையெல்லாம் அவள் வேறு ஆளுக்கு மாற்றிவிட்டாள். நிறுவனத்துக்கு அவளே எழுதினாள். திடீர்க் கோளாறு என்று எழுதியிருந்தால் யாரும் துருவிக் கேட்டிருக்க மாட்டார்கள். நான்கு மாதமாக இணைப்பு தடுமாறுவது தெரிந்தும் சரிசெய்யாமல் விட்டது என் தவறு, சரியாகும்வரை என்னைக் கூப்பிட வேண்டாம் என்று எழுதி அனுப்பினாள்.

மூன்று நாள் அவள் தோட்டத்துப் பக்கமே போகாததைப் பார்த்து மாமனார் விசாரித்தார். யார், எந்த ஊர், என்ன நோய் என்று எதையும் சொல்ல அவளுக்கு அனுமதி கிடையாது. காதில் விழும்படி சற்று உரக்கச் சொன்னாள்.

"ஒருத்தங்களுக்கு உயிர் சம்பந்தமான விஷயத்த சொல்லிட்டிருந்தேன் மாமா. பாதி சொல்லுல லைன் போச்சு. அவங்க அத தலைகீழாப் புரிஞ்சுக்கிட்டாங்க."

"அந்த ரூமாலயா?"

பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "வெள்ளித்தாளு சிக்னல உள்ள விடாதாம் மாமா. ஆனா அது தெரிஞ்சும் வாய மூடிட்டு இருந்தது நான்தான்."

அன்று மாமனார் டி.வி. போடவில்லை.

மறுநாள் காலை அவள் எழுந்து வந்தபோது, சமையலறைச் சுவரிலிருந்து கொட்டகை வரை அவர் நூல் பிடித்து முளை அடித்திருந்தார். மண்வெட்டி கையில் இருந்தது. அவரே ஆசையாக வளர்த்த கத்தரிச் செடிகளில் ஒரு வரிசை, நூலின் வழியில் இருந்தது. அதைப் பிடுங்கி ஓரமாக வைத்திருந்தார். கணவனும் விடுப்புப் போட்டுவிட்டுப் பள்ளம் தோண்ட இறங்கினான். அப்பா இருக்கிற வேகத்துக்கு நான் வேடிக்கை பார்த்தாலே களைத்துப்போவேன் என்று அவன் சொன்னது அவர் காதில் விழவில்லை. விழாதது நல்லதாகப் போயிற்று.

கேபிள் போடுகிறவர் மத்தியானம் வந்து பார்த்தார். பள்ளம் இன்னும் ஒரு சாண் ஆழம் வேண்டும், மின்சாரக் கம்பியிலிருந்து தள்ளிப் போக வேண்டும் என்றார். பிறகு அறைக்குள் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார். எது அண்டாமல் இருக்கிறதோ இல்லையோ, இந்தச் சுவரை மீறிச் சிக்னல் அண்டாது என்று சிரித்தார். மாமனார் சிரிக்கவில்லை. துளை எங்கே வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டு, அதை அவரே போட்டார். மழைத்தண்ணீர் உள்ளே இறங்காதபடி வெளிப்பக்கம் சரிவாகத் துளைத்தார். குழாய்க்குள் கம்பியைச் செலுத்தி, இரண்டு முனையிலும் கம்பிக்குள் இருக்கும் எட்டு மெல்லிய இழைகளையும் நிற வரிசைப்படி அடுக்கிப் பொருத்தினார் கேபிள்காரர். இழைக்கு ஒன்றாக எட்டு விளக்கு உள்ள சோதனைக் கருவியில், முதல் தடவை ஒரு விளக்கு எரியவில்லை. முனையை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி பொருத்தினார். எட்டும் எரிந்தன.

கேபிள்காரர் சரியாகிவிட்டது என்றார். அவளுக்கு அது போதவில்லை. மாமனாரை முன்னறையில் கேமராவுக்கு முன் உட்காரவைத்து, செய்தித்தாளை உரக்கப் படிக்கச் சொன்னாள். அவர் முதல் பக்கத்திலிருந்து வரன் தேடும் விளம்பரங்கள் வரை இரண்டு மணி நேரம் படித்தார். இடையில் தண்ணீர் குடிக்க மட்டும் நிறுத்தினார். தோட்டத்து அறையில் உட்கார்ந்து அவள் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். ஒன்றுகூட அறுபடவில்லை. அடுத்த நாளும் படிக்கவைத்தாள். அதன் பிறகுதான், இனிக் கூப்பிடலாம் என்று நிறுவனத்துக்கு எழுதினாள்.

ஏழு வாரம் கழித்து நிறுவனத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது. அதே தையல்காரம்மா. புது ஆளிடம் முதலிலிருந்து சொல்ல அவர்களுக்குத் தெம்பில்லையாம், முன்பு மொழிபெயர்த்தவரே வரட்டும் என்றார்களாம். உனக்கு விருப்பமில்லாவிட்டால் வேறு ஆளைப் போடுகிறோம் என்றார் மேலாளர். அவள் போகிறேன் என்றாள்.

தையல்காரம்மா மெலிந்திருந்தார். கணவர் திரையைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். மருத்துவர் பேச ஆரம்பிக்கும் முன் அந்த அம்மா கையை லேசாக உயர்த்தினார்.

"மொழிபெயர்க்கிறவங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். உங்க மேல கோவமா இருந்தேன். இப்பவும் கொஞ்சம் இருக்கு. ஆனா நீங்க சுத்தி வளைக்காம சொன்னீங்க. அதுக்குத்தான் திரும்பக் கூப்பிட்டேன்."

அறையில் சொல்லப்படுவது எதுவானாலும் மருத்துவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது விதி. தன்னைப் பற்றிய அந்தச் சொற்களை, கோபத்தையும் விடாமல், அவள் அப்படியே மருத்துவரின் மொழியில் சொன்னாள். நிறுத்தாமல் சொல்லி முடித்தாள்.

மருந்து எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை என்றார் மருத்துவர். தொடரலாம், நிறுத்தவும் செய்யலாம். நிறுத்தினால் நாள் குறையலாம் என்றார். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அதன் பின் நீண்ட நேரம் சத்தமே இல்லை. இணைப்புப் போய்விட்டதோ என்று அவள் திரையின் ஓரத்தைப் பார்த்தாள். போகவில்லை. அங்கே மூன்று பேரும் மௌனமாக இருந்தார்கள்.

"இந்த மருந்தால கை நடுங்குது," என்றார் தையல்காரம்மா. "ஊசியில நூல் கோக்க முடியல. நிறுத்தினா நடுக்கம் நிக்குமா?"

பெரும்பாலும் இரண்டு வாரத்தில் நின்றுவிடும் என்றார் மருத்துவர்.

"அப்ப நிறுத்திடுங்க. பொண்ணுக்கு ஆறு ரவிக்கை வெட்டி வச்சிருக்கேன்."

கணவர் அப்போதுதான் திரும்பினார். மனைவியின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். எப்போது வேண்டுமானாலும் தன்னைக் கூப்பிடலாம் என்று மருத்துவர் சொன்னதையும் தமிழில் சொல்லிவிட்டு, அவள் விடைபெற்றாள்.

வெளியே மாமனார், மழையில் அமுங்கிப்போன பள்ளத்தின் மேல் புதுமண் கொட்டி மிதித்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் மிதிப்பதை நிறுத்தினார். லைன் ஏதாவது தகராறு பண்ணியதா என்று கேட்டார். இல்லை என்று தலையசைத்தாள். அவர் தான் கொண்டுவந்து போட்டிருந்த ஸ்டூலைத் துடைத்து அவள் பக்கம் நகர்த்தினார். அவள் உட்கார்ந்து, வெகுநேரம் அழுதாள். அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.