விருச்சிகத்துக்குத் தடை

மாணவர்களுக்கு ஆலோசனை சொல்ல ஒரு தனி அறை வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தபோது, சிவகாசிப் பக்கத்து அந்த டிசைன் கல்லூரி அசரவில்லை. பழைய ஸ்டோர் ரூமைக் கூட்டிப் பெருக்கி, மேஜை போட்டு, உடற்கல்வி ஆசிரியர் காசிராஜனை உட்கார வைத்தது. பயிற்சி வகுப்புக்குப் போய்வந்தவர் அவர் ஒருவர்தான். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அங்கிருந்து கிளம்பிவிட்டார் என்பது வேறு விஷயம்.

அவரிடம் இருந்த ஒரே கருவி சுவரில் தொங்கிய தினசரி காலண்டர். யார் வந்தாலும் ராசியைக் கேட்பார். அன்றைய தாளில் ‘வரவு’ என்றிருந்தால் பையன் தொடர்ந்து படிக்கலாம். ‘செலவு’ என்றிருந்தால் அப்பாவைக் கூட்டி வர வேண்டும். காதல் தோல்வியோ கலர் தியரியோ, எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம்தான்.

இறுதியாண்டு மாரிசெல்வி அன்று அவசரமாக வந்தாள். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் குருவம்மாளின் மகள். மேற்படிப்புக்கான நேர்முகத் தேர்வுக்கு அகமதாபாத்துக்கு வரச்சொல்லியிருந்தார்கள். சாயங்காலம் ரயில். ஆலோசகர் கையெழுத்து இல்லாமல் லீவு எடுத்தால் கடைசிப் பரீட்சைக்கு உட்கார விடமாட்டார்கள்.

“என்ன ராசி?”

“விருச்சிகம் சார்.”

காசிராஜன் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “தடைன்னு போட்டிருக்கு தாயி. நாளைக்கு வா.”

“நாளைக்கு வந்தா ரயில் போயிருமே சார்!”

“அதத்தான் தடைங்கது.”

மாரிசெல்வி தலையில் அடித்துக்கொண்டாள். அந்தத் தடையைப் போட்டதே அவள்தான். போன வருட லீவில் இதே காலண்டரை அடிக்கும் ரத்தினசாமி முதலாளியின் அச்சகத்தில், கம்ப்யூட்டரில் தினசரித் தாள்களை வடிவமைத்துக் கோக்கும் வேலை பார்த்தாள். ஜோசியர் இந்தப் பங்குனி மாதப் பலனைத் தராமல் இழுத்தடித்தார். லோடு அனுப்பும் அவசரத்தில் முதலாளி, “நீயே எதையாவது போட்டு விடு” என்றுவிட்டார். தன் ராசிக்கு நல்லதாகப் போட்டால் கண் பட்டுவிடும் என்று பயந்து, விருச்சிகத்துக்கு மட்டும் தடையும் அலைச்சலுமாக அள்ளிக் கொட்டினாள். நாலெழுத்துப் படித்த பெண் செய்கிற காரியமா அது?

வெட்கத்தை விட்டு அத்தனையையும் சொல்லிவிட்டாள். காசிராஜனுக்கு முகம் செத்துவிட்டது.

“நேத்து மேஷத்துக்குப் ‘பதவி’ன்னு இருந்துச்சே?”

“அதுவும் நான் போட்டதுதான் சார்.”

அதை நம்பித்தான் மேஷ ராசிக்காரரான அவர் நேற்று தாளாளரிடம் போய் துணை முதல்வர் பதவி கேட்டுவிட்டு வந்திருந்தார். காலண்டரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தெளிந்தார்.

“நீ போட்டா என்னத்தா? இருக்கன்குடி மாரியாத்தால்ல உன் கையில உக்காந்து போட வச்சிருக்கா! பதவியும் நெசம், தடையும் நெசம்.”

இந்த ஞானத்தோடு மல்லுக்கட்டிப் பயனில்லை என்று மாரிசெல்விக்குப் புரிந்தது. குரலைத் தணித்துக்கொண்டாள். “அடுத்த வருசத் தாளும் நான்தான் சார் கோக்கேன். அகமதாபாத்ல எடம் கெடைச்சாலும் வைகாசிலயே முடிச்சுக் குடுத்துட்டுத்தான் போவேன். மேஷத்துக்கு என்ன வேணும்னு சொல்லிட்டீகன்னா, ஆத்தாகிட்ட நானே சொல்லிருதேன்.”

பேனா மூடி திறந்தது.

“சித்திரைல உயர்வு. ஆனில வாகனம். வாகனத்த மறந்துராத தாயி.”

கையெழுத்தை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. மூன்று வருடமாக அந்த அறைக்குப் போய்வந்திருக்கிறாள். நீ வரைந்ததில் ஒன்றைக் காட்டு என்று அந்த மனுஷன் ஒருநாளும் கேட்டதில்லை.