வந்ததற்குக் கூலி

என் வீட்டுக்காரர் வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறவர். கையில் தொழில் இருக்கிறது, வாய்தான் கிடையாது. அதனால் போன் எடுப்பது நான். பதினோரு வருஷமாக எடுக்கிறேன். யார் கூப்பிட்டாலும் முதலில் ஒரே பாட்டுதான்: "விசிட்டிங் சார்ஜ் முந்நூறுங்க. ரிப்பேர் ஆனாலும் ஆகாட்டியும் வந்து பார்த்ததுக்கு அது உண்டு. சரியா?"

எல்லாரும் சரி என்பார்கள். மூன்று நாள் அழுக்குத்துணி குவிந்து கிடக்கும்போது யாராயிருந்தாலும் எதற்கும் சரி என்பார்கள். ஆள் வந்து, பார்த்து, மெஷின் ஓட ஆரம்பித்த பிறகுதான் அவர்களுக்குக் கணக்கு வரும். "நீங்க எப்படியும் இந்தப் பக்கம் வர்றவர்தானே?" என்று கேட்டாள் ஒரு மகராசி. இவர் ஊரின் மறுகோடியிலிருந்து மழையில் நனைந்துகொண்டு போயிருந்தார். "பார்க்கத்தானே சொன்னேன், தொடச் சொல்லலையே" என்றார் ஒரு பல் டாக்டர். வாயைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்ப்பதற்கு அவர் எவ்வளவு வாங்குகிறார் என்று எனக்குத் தெரியும்.

இவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டவர் தலைவர்.

தலைவர் என்றால் நாற்பது வீடுள்ள ஒரு அடுக்குமாடியின் குடியிருப்போர் சங்கத் தலைவர். தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். போனில் பேசும்போதே "தலைவர் பேசறேன்" என்றுதான் சொன்னார். எந்த ஊருக்குத் தலைவர் என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். மெஷினுக்குள் தண்ணீரே வரவில்லையாம், உடனே ஆள் வேண்டுமாம். சார்ஜைச் சொன்னேன். "அதெல்லாம் பார்த்துக்கலாம்மா" என்றார். அந்தப் 'பார்த்துக்கலாம்' எனக்குப் பிடிக்கவில்லை. "சரியா, இல்லையா சார்?" என்று கேட்டேன். "சரி, சரி, சரி" என்று மூன்று தடவை சொன்னார். மூன்று சரி சொல்கிறவர்கள் ஒரு சரிகூட மனசாரச் சொல்வதில்லை என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இவர் பையைத் தூக்கிக்கொண்டு ஐந்து மாடி ஏறினார். மெஷின் பால்கனி மூலையில் இருந்தது. அதன் முன்னால் செருப்பு ரேக், பழைய செய்தித்தாள் கட்டுகள், ஒரு உடைந்த நாற்காலி. எல்லாவற்றையும் இவரே நகர்த்தினார். தலைவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேற்பார்வை பார்த்தார். மெஷினை இழுத்துப் பார்த்தால், பின்பக்கச் சுவரில் தண்ணீர்க் குழாய் மூடியிருந்தது. இவர் திறந்தார். மெஷின் ஓடியது.

"இவ்வளவுதானா?" என்றார் தலைவர்.

"இவ்வளவுதாங்க சார்."

"இதுக்கு எதுக்குய்யா காசு? குழாயைத் திறக்க எனக்குத் தெரியாதா?"

தெரிந்தால் திறந்திருக்க வேண்டியதுதானே என்று கேட்டிருக்கலாம். இவர் கேட்கவில்லை. "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு, நாற்காலியையும் கட்டுகளையும் ரேக்கையும் பழையபடி அடுக்கி வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டார். அடுக்கி வைத்ததைக் கேட்டதும்தான் எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்றது.

"அதையும் ஏங்க செஞ்சீங்க?"

"நான்தானே நகர்த்தினேன்" என்றார். இப்படி ஒரு மனுஷனைக் கட்டிக்கொண்டு நான் போன் எடுக்காமல் என்ன செய்வது?

உடனே தலைவருக்குப் போன் போட்டேன்.

"ஏம்மா, நான் கூப்பிட்டது ரிப்பேருக்கு. ரிப்பேரே இல்லை. இல்லாத ரிப்பேருக்குக் காசு எப்படிம்மா?"

"ரிப்பேர் இல்லைன்னு கண்டுபிடிக்கத்தானே சார் ஒரு ஆள் வந்தாரு?"

"நான் முப்பத்திநாலு வருஷம் தணிக்கை பார்த்தவன். செய்யாத வேலைக்கு ஒரு பைசா பாஸ் பண்ணினதில்லை."

"உங்க ஆபீஸ்ல தப்பே இல்லாத ஃபைலைப் பார்த்த நாளுக்கெல்லாம் சம்பளத்தைத் திருப்பிக் கொடுத்தீங்களா சார்?"

போனை வைத்துவிட்டார். பதில் இல்லாதபோது ஆத்திரப்படுவதும் ஒரு பதவிக்குரிய லட்சணம் போலிருக்கிறது.

அதோடு விட்டிருந்தால் நானும் திட்டித் தீர்த்துவிட்டு மறந்திருப்பேன். அவர் விடவில்லை. தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் இருந்த அறிவிப்புப் பலகையில், சங்கத்தின் முத்திரை குத்தி ஒரு தாள் ஒட்டினார். மூன்றாம் மாடித் தையல்காரம்மா கூப்பிட்டுத்தான் எனக்கே அது தெரியும். போனிலேயே படித்துக் காட்டினாள்: "எச்சரிக்கை. இந்த மெக்கானிக் வந்து இரண்டே நிமிடத்தில் வேலையை முடித்துவிடுகிறார். எந்தப் பாகத்தையும் மாற்றுவதில்லை. ஆனால் வந்ததற்கு மட்டும் முந்நூறு கேட்கிறார். குடியிருப்போர் ஏமாற வேண்டாம்." கீழே, எந்த மெக்கானிக் என்று யாருக்கும் குழப்பம் வரக்கூடாதென்று, எங்கள் போன் நம்பர், கொட்டை எழுத்தில்.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "ஏன்க்கா, இதைச் சொல்லவா கூப்பிட்டீங்க?" என்றேன்.

"அட, அழாதே. என் ஃபிரிட்ஜ் கூலிங்கே இல்லை. போன மாசம் ஒருத்தன் வந்தான், கம்ப்ரசர் போச்சுன்னான். அதை மாத்தினப்புறம் போர்டு போச்சுன்னான். இன்னும் பால் திரியுது. ரெண்டு நிமிஷத்துல முடிச்சு, ஒரு சாமானும் தலையில கட்டாம, முந்நூறோட போற ஆளை நான் எங்கே தேடுவேன்? உன் வீட்டுக்காரரை நாளைக்கே அனுப்பு."

அந்த வாரம் அதே கட்டடத்திலிருந்து ஏழு போன். மைக்ரோவேவ், மிக்ஸி, வாஷிங் மெஷின் என்று விதவிதமாக. எல்லாரும் "பலகையில பார்த்தோம்" என்றார்கள். ஒருத்தர்கூட முந்நூறுக்கு முணுமுணுக்கவில்லை. இவ்வளவு படித்த மனுஷனுக்குத் தன் தாளைத் தானே ஒருதடவை படித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

இவருடைய ஸ்கூட்டர் தினமும் வாசலில் நிற்பதைத் தலைவர் மேலிருந்து பார்த்தார். காவலாளியிடம், அவரை உள்ளே விடாதே என்றார். இவர் தையல்காரம்மாவின் ஃபிரிட்ஜுக்கு இரண்டாம் தடவை போன நாளில் காவலாளி கேட்டைத் திறக்கவில்லை. இவர் வழக்கம்போல "சரிங்க" என்று திரும்பியிருப்பார். அன்றைக்கு நல்லவேளையாகப் பின்சீட்டில் நான் இருந்தேன்.

"யார் சொல்லி நிறுத்துறீங்க அண்ணே?"

காவலாளி தலையைச் சொறிந்துகொண்டு மேலே காட்டினார். தலைவர் இஸ்திரி கலையாத சட்டையில் இறங்கி வந்தார். தையல்காரம்மாவும் கழுத்தில் இஞ்ச் டேப்போடு ஓடி வந்தாள். காய்கறிப் பையோடு நின்றவர்கள், ஸ்கூல் வேனுக்குக் காத்திருந்தவர்கள் என்று ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது.

"முந்நூறு எனக்கு ஒரு பொருட்டில்லைம்மா. கொள்கை. வேலை நடந்தாத்தான் காசு" என்றார் தலைவர், என்னைப் பார்த்து இல்லை, கூட்டத்தைப் பார்த்து.

தையல்காரம்மா இடுப்பில் கையை வைத்தாள். "அப்படியா சார்? லிஃப்ட் நாலு மாசமா ஓடலை. மாசா மாசம் லிஃப்டுக்குன்னு எங்ககிட்ட வாங்குறீங்களே. என்ன வேலை நடந்துச்சு?"

"அது எப்படிம்மா கொடுக்காம இருக்க முடியும்? லிஃப்ட்காரன் மாசா மாசம் வந்து பார்த்துட்டுப் போறான். சாமான் கிடைக்கலைன்னா அவன் என்ன செய்வான்? வந்ததுக்குக் கொடுக்கணுமில்ல?"

சொல்லி முடித்த பிறகுதான் அவர் காதில் அது விழுந்தது. முதலில் சிரித்தது காவலாளிதான். பிறகு காய்கறிப் பைகள் சிரித்தன. நான் சிரிக்கவில்லை. "கேட்டைத் திறங்க அண்ணே" என்றேன். திறந்தார்.

மறுநாள் தலைவர் அந்தத் தாளைக் கிழித்துவிட்டார். முந்நூறு மட்டும் வரவில்லை. மன்னிப்பும் வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு போன். குரலைத் தாழ்த்தி, மூக்கை அடைத்துக்கொண்டு பேசினாலும் அந்த மூன்று 'சரி'யை நான் எங்கே கேட்டாலும் கண்டுபிடித்துவிடுவேன். மெஷினில் தண்ணீர் வெளியே போகவில்லையாம்.

"பணத்தை முதல்ல அனுப்புங்க தலைவரே, அப்புறம் ஆள் வரும்" என்றேன்.

போனை வைத்துவிட்டார். பிறகு பணம் வந்தது. இருநூற்றுத் தொண்ணூறு. கூடவே ஒரு குறிப்பு: "தூரம் குறைவு என்பதால் பத்து கழிக்கப்பட்டுள்ளது."

"போகாதீங்க" என்றேன் இவரிடம். இவர் போனார். மூன்று மணி நேரம் ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது முகம் வாடியிருந்தது.

"பாவம்டி அந்த மனுஷன். அவரு வீட்டம்மா பொண்ணு வீட்டுக்குப் போய் மூணு வாரமாச்சாம். தனியாக் கிடக்கிறாரு. பக்கெட்டுல சட்டையை ஊறவெச்சு, அலசத் தெரியாம, சோப்பு நுரையோட காயப்போட்டிருக்காரு. சட்டையெல்லாம் கஞ்சி போட்ட மாதிரி விறைச்சு நிக்குது. பம்ப்பைச் சுத்தம் பண்ணிட்டு, பவுடர் எங்கே போடணும், எந்தப் பட்டனை அமுக்கணும்னு எழுதிக் கொடுத்துட்டு வந்தேன்."

"பழைய முந்நூறைக் கேட்டீங்களா?"

"கேட்கத் தோணலை."

"பம்ப்பைச் சுத்தம் பண்ணின கூலி?"

இவர் சட்டைப்பையில் கையை விட்டு ஒரு பத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். "கழிச்ச பத்தை வாசல்வரைக்கும் வந்து கொடுத்துட்டாருடி" என்றார், ஏதோ சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு வந்த பெருமையில். "ரசீது கேட்டாரு. எழுதிக் கொடுத்தேன்."

அன்றைக்கு முழுக்க நான் இவரோடு பேசவில்லை.