பதினெட்டுக் கல்வாழைகள்

இறந்துபோன மகளின் வாசனை, பன்னிரண்டு வீடுகளின் அழுக்குத் தண்ணீரைத் தெளியவைக்கும் பாத்தியில், முதல் கல்வாழைச் செடியிலிருந்து ஒரு புதன்கிழமை காலை வரத் தொடங்கியது. தலையெண்ணெய், பென்சில் சீவல், ஓடி விளையாடிய வியர்வை. ஏழு வயதுக்கு உரிய உயரத்தில், தரையிலிருந்து மூன்றரை அடியில் நின்றது. பெரியவர்கள் குனிந்தால்தான் கிடைக்கும்.

பாத்தியைக் கட்டியவர் அவளுடைய அப்பா, அதே குடியிருப்பில் இரண்டாம் மாடியில் இருந்த பிளம்பர். குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் பின்புறத்தில் வருஷக்கணக்காகத் தேங்கி, கொசு மொய்த்து, அதனால் வந்த காய்ச்சல்தான் பிள்ளையைக் கொண்டுபோனது. அடுத்த மாதமே அவர் மண்வெட்டியைத் தூக்கினார். நீளமாகப் பள்ளம் தோண்டி, அடியில் தார்ப்பாய் விரித்து, பெருங்கல், ஜல்லி, மணல் என்று அடுக்கி, வரிசையாகப் பதினெட்டுக் கல்வாழைகளை நட்டார். ஒரு முனையில் நுரையோடு போன தண்ணீர் மறுமுனையில் தெளிந்து வந்தது. கண்ணால் பார்த்தும் யாரும் நம்பவில்லை. அதனால் ஞாயிறுதோறும் வீட்டில் இருப்பதிலேயே படு அழுக்கான துணியைத் துவைத்து, அந்தத் தண்ணீரை எல்லோர் முன்னாலும் பாத்தியில் ஊற்றிக் காட்டுவார். அப்படி ஒரு ஞாயிறன்று துணி தேடியபோது, பீரோவின் அடித்தட்டில் பாலித்தீன் பைக்குள் மகளின் மஞ்சள் கவுன் கிடைத்தது. துவைத்து மடித்து வைத்தால் மனைவி சந்தோஷப்படுவாள் என்று நினைத்தார், பாவம். அன்று அந்தக் கவுனைத் துவைத்த தண்ணீரைத்தான் பாத்தியில் ஊற்றினார். மனைவி அதை எட்டு மாதமாகத் துவைக்காமல் காப்பாற்றி வந்தாள். தினமும் மதியம் பையின் முடிச்சை அவிழ்த்து, ஒரு தடவை முகர்ந்துவிட்டுக் கட்டிவிடுவாள். அவருக்கு இது தெரியாது. மகளைப் பற்றி அவர்கள் பேசிக்கொள்வதில்லை.

அவள் திட்டவில்லை. முக்காலியைக் கொண்டுவந்து முதல் செடிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். வாசனை மாதத்துக்கு ஒரு செடியாக நகர்ந்தது. முக்காலியும் கூடவே நகர்ந்தது. நான்காவது செடிவரை அக்கம்பக்கத்தார் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டது. துணி உலர்த்த வருகிறவர்கள், "இன்னைக்கு எங்க இருக்கா?" என்று கேட்டுவிட்டு ஒதுங்கிப் போனார்கள். பிளம்பர் எட்டாவது செடியை வேரோடு பெயர்த்துத் தொட்டியில் வைத்துப் பார்த்தார். செடிதான் வந்தது, வாசனை வரவில்லை. திரும்ப நட்டுவிட்டார்.

"இன்னும் எத்தனை செடிங்க?" என்று மனைவி கேட்டாள்.

"பத்து."

"அப்புறம்?"

"வெளிய வந்துரும்."

"வாசனையோடயா?"

ஊர் முழுக்கப் பெருமையடித்த மனிதர் குனிந்து செடியின் அடிமண்ணை அழுத்தினார். "வேரு ஒண்ணையும் விட்டுவைக்காது" என்றார்.

வாசனை பதினெட்டாவது செடிக்கு வந்த அன்று, வெளியேறும் குழாயில் பழைய கோணியைத் திணித்து அடைத்தார். தண்ணீர் பாத்தியை மீறிப் பின்புறமெங்கும் நின்றது. மாடிக்காரர்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் நேரில் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. ஒரே வாரத்தில் கொசு மொய்க்கத் தொடங்கியது. மூன்றாம் வாரம் கீழ்வீட்டுத் தையல்காரியின் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. அந்த அழுகை இரண்டாம் மாடிவரை கேட்டது. மனைவி படியிறங்கி வந்தாள், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினாள், கோணியைத் தானே பிடுங்கி எறிந்தாள். அவர் தடுக்கவில்லை, தடுக்கவும் முடியாது.

தண்ணீர் வடிய மறுநாள் மாலைவரை ஆயிற்று. கடைசியாக வந்ததை வாளியில் பிடித்தார்கள். அடியில் இருந்த கீறல்கூடத் தெரிந்தது. அவள் முகர்ந்தாள், அவரும் முகர்ந்தார். ஒன்றுமே இல்லை.

"நல்லாத்தான் கட்டியிருக்கீங்க" என்றாள்.

குத்திக்காட்டவில்லை, மனதாரத்தான் சொன்னாள். அவர் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். குழந்தைக்கு மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அந்த மாதம் பதினெட்டுச் செடிகளும் சேர்ந்தாற்போலப் பூத்தன. கல்வாழைப் பூவுக்கு வாசனை கிடையாது.