கை நிறைய

மாத்தளைப் பக்கத்து இரத்தோட்டையிலிருந்து புறப்பட்டு விமான நிலையத்துக்குப் போய்ச் சேருகிற நேரத்தில் மாலைதீவுக்குப் பறந்துபோய்த் திரும்பியே வந்துவிடலாம். அவ்வளவு பக்கத்தில்தான் ரமேஸ் இருந்தான். இருந்தும் இரண்டு வருஷமாக வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அவன் மனைவி தர்ஷிகாவுக்கு இடையிலிருந்த கடல்மீது கோபமில்லை. அவன் வேலை பார்த்த ஹோட்டல்மீதுதான் கோபம்.

அவன் அந்த ஹோட்டலில் பீங்கான் கழுவினான். இங்கிலீஷ் வாயில் வந்தால் பரிமாறும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். தர்ஷிகா மாத்தளையில் ஒரு ஸ்பைஸ் கார்டனில் வெள்ளைக்காரர்களுக்குக் கறுவாவையும் சாதிக்காயையும் முகரக் கொடுப்பவள். அவளுக்கும் இங்கிலீஷ் வேண்டியிருந்தது. அதனால் இனி வட்ஸ்அப்பில் இங்கிலீஷில் மட்டும்தான் எழுதுவது என்று இருவரும் பேசி முடிவு செய்தார்கள். புருஷன் பெண்டாட்டி செய்துகொள்ள இதைவிட மோசமான ஒப்பந்தம் கிடையாது. ‘ஐ மிஸ் யூ’வை எழுதியதும் இரண்டு பேருக்கும் சரக்குத் தீர்ந்துபோனது.

ரமேஸாவது சுப்பர்வைசர் வாயிலிருந்து புதுசு புதுசாக எதையாவது பொறுக்கி அனுப்புவான். மெழுகுதிரியை இரண்டு பக்கமும் எரிக்கிறேன் என்று ஒருநாள் எழுதினான். பாவம், அறையில் கரண்ட் இல்லையாக்கும் என்று அவள் உச்சுக் கொட்டினாள். பனியில் மூடிப்போய்விட்டேன் என்று இன்னொரு நாள் வந்தது. ரிவர்ஸ்டன் மலையடிவாரத்தில் வளர்ந்தவளுக்குப் பனி தெரியாதா? சுவெட்டர் போட்டுக்கொள்ளச் சொல்லிப் பதில் அனுப்பினாள்.

மாசியில் மாத்தளை மாரியம்மன் கோயில் தேர். தேருக்காவது வருவீர்களா என்று பொங்கலன்று கேட்டு எழுதினாள். மறுநாள் பதில் வந்தது. மை ஹேண்ட்ஸ் ஆர் ஃபுல்.

இதற்கு அகராதி எதற்கு? என் கை நிறைந்துவிட்டது. கை நிறையக் காசு சேர்ந்ததும் ஓடி வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தானே பஸ் ஏறினான்! தர்ஷிகாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தோட்டத்து லயத்து வரிசையில் ஒரு வீடு விடாமல், அவன் வருகிறான் என்று சொன்னாள். முன்சுவருக்கு நீல நிறத்தில் பெயின்ட் அடித்தாள். மாமியார் ராசம்மா, தேர் முடிந்த மறுநாள் மகனுக்குச் சமைக்கவென்று ஒரு சேவலை ஒதுக்கி வைத்தார். இரவில் படுத்தால் அவன் வந்து படுக்கும் பக்கத்தை விட்டுவிட்டுத் தர்ஷிகா ஒதுங்கிப் படுத்தாள். அந்த வெறும் இடம் அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

தேருக்குப் பத்து நாள் இருக்கும்போது வந்த ஞாயிற்றுக்கிழமை, டவுனில் றிப்கா டீச்சரின் இங்கிலீஷ் வகுப்பு. அன்றைய பாடம், வேலை அதிகம் என்பதை வெள்ளைக்காரர்கள் எப்படியெல்லாம் சொல்வார்கள் என்பது. டீச்சர் பலகையில் ஒவ்வொன்றாக எழுதினார். மெழுகுதிரி வந்தது. பனி வந்தது. கடைசியில் நிறைந்த கைகளும் வந்தன.

"அது காசு சேந்துடுச்சுன்னு சொல்றது இல்லியா டீச்சர்?"

வகுப்பே சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. காசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, தலைக்கு மேல் வேலை கிடக்கிறது, இப்போது முடியாது என்பதுதான் அர்த்தம் என்று மெதுவாகச் சொன்னார். அப்படி ஒருவர் சொன்னால் ‘டேக் யுவர் டைம்’, அதாவது அவசரமில்லை, உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று பதில் சொல்வது மரியாதை என்றும் சொல்லிக் கொடுத்தார்.

இரண்டு வருஷமாக அவன் விதவிதமாக எழுதியதெல்லாம் ஒரே செய்திதான். நேரமில்லை. அதைத்தான் அவள் போனைத் தலையணைக்கடியில் வைத்துத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். பஸ் நிலையத்துக்கு நடந்து வருகிற வழியெல்லாம் அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் மாறி மாறி வந்தன. இரத்தோட்டை பஸ் நின்றிருந்தது. அவள் ஏறாமல் நின்று, ஒப்பந்தத்தை மீறித் தமிழில் எழுதினாள்.

"வேல அதிகம்னு சொன்னா ‘டேக் யுவர் டைம்’னு பதில் போடணுமாம். ஒங்க நேரத்தோட என் நேரத்தையும் ரெண்டு வருஷமா நீங்கதான் எடுத்துக்கிட்டு இருக்கீங்க. எடுத்தது போதும்."

அவன் படித்துவிட்டதாக நீல டிக் விழுந்த அடுத்த நிமிஷம் போன் அடித்தது. வேலை நேரத்தில் அவன் அழைத்ததே கிடையாது. பின்னால் பீங்கான் சத்தம் கேட்டது. யாரோ அவன் பெயரைச் சொல்லி அதட்டினார்கள். அவன் போனை வைக்கவில்லை.

"தேருக்கு வர முடியாது தர்ஷி. ரெண்டு தடவ லீவு கேட்டேன், குடுக்கல."

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

அவன் தண்ணீர்க் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது.

"தமிழ்ல சொல்ல வாய் வரல. அதான் இங்கிலீஷ்ல சொன்னேன்."