ஒன்பதாம் மாடிக்கு ஒரு பீரோ

வீடியோ கேமில் விட்டுவிட்டு ஓடியவனை வாழ்க்கையில் நம்ப முடியாது என்று வேறு யாராவது சொல்லியிருந்தால், போய் வேலையைப் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன். சொன்னது என் சொந்த அண்ணன். அதுவும் ரிஜிஸ்டர் ஆபீசில் என் கல்யாணப் பதிவுக்கு ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்த பிறகு.

நான் கட்டிக்கொள்ளப்போகிறவன் பூட்டு, சாவிக் கடை வைத்திருக்கிறான். ஊரே அவனைச் சாவி என்றுதான் கூப்பிடும். அண்ணன் லிப்ட் மெக்கானிக். இரண்டு பேரும் கொஞ்சம் பழகட்டும் என்று நான்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாவியை வீட்டுக்கு வரச் சொல்லி, அண்ணன் உயிரை விட்டு ஆடும் துப்பாக்கி கேமில் ஜோடியாக உட்கார வைத்தேன். ஒரு புல்வெளியில் அண்ணன் அடிபட்டு விழுந்தான். அந்த கேமில் கூட ஆடுகிறவர் வந்து தூக்கிவிட்டால் எழுந்துவிடலாம். சாவி வந்தான். அண்ணனைத் தாண்டி நேராக ஓடிப் போய்விட்டான்.

அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. கூப்பிட்டால்தான் வருவான் என்றால் அப்படிப்பட்டவன் எதற்கு என்பது அவன் கொள்கை. கிடந்த இடத்திலேயே கிடந்து தோற்றுப்போனான். சாவி கிளம்பிப் போனதும் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"விழுந்து கிடக்கிறவனத் தாண்டிப் போறான். நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னாலும் தாண்டித்தான் போவான். நான் சாட்சிக் கையெழுத்துப் போட மாட்டேன்."

"அது கேம்ணா."

"கேம்லதான் ஆளோட குணம் தெரியும், வாயாடி."

வாயாடி என்பது அவன் எனக்கு வைத்த பெயர். அன்று பேர் சொல்லும்படி வாயாடினேன். ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. அப்பா அம்மா போன பிறகு பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் எனக்காகக் கையெழுத்துப் போட்டவன் அண்ணன். இந்த ஒரு கையெழுத்தை வேறு யாரோ போடுவதை என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

சாவியைக் கேட்டால், "அவரு விழுந்ததே எனக்குத் தெரியாது" என்றான். சுவர் அளவு டிவி. அதில் தெரியாதா? நான் பக்கத்தில் உட்கார்ந்து என் கண்ணால் பார்த்தேனே. அண்ணனோடு மல்லுக்கு நின்றேனே தவிர, எனக்கும் உள்ளுக்குள் ஒரு முள் குத்திக்கொண்டேதான் இருந்தது. ராத்திரியில் புரண்டு படுத்தால் அந்தப் பக்கமும் குத்தியது.

சரி, முள்ளை முள்ளால்தான் எடுக்க வேண்டும் என்று இன்னொரு கேம் தேட ஆரம்பித்தேன். பேர்பெற்ற கேம் எதுவும் ஆகாது. அதையெல்லாம் அண்ணன் கரைத்துக் குடித்தவன். வாத்தியார் மாதிரி சாவியை அதட்டியே காரியத்தைக் கெடுப்பான். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் நகரும், ஆனால் யாரும் கேள்விப்பட்டிராத கேமாக வேண்டும். நான் வேலை செய்யும் மருந்துக்கடையில் மதியம் கூட்டம் குறைந்ததும் போனில் அதே வேலை. உலகம் கண்டுகொள்ளாமல் விட்ட நல்ல கேம்கள் எவ்வளவு இருக்கின்றன தெரியுமா? ஒரே சட்டைக்குள் இரண்டு பேர் நுழைந்து ஆளுக்கு ஒரு கையாக வேலை செய்வது ஒன்று. ஒருவருக்குக் கண், இன்னொருவருக்குக் காது மட்டும் வேலை செய்யும் குகை ஒன்று. கயிற்றில் கட்டிக்கொண்டு மலையேறுவது ஒன்று. கயிறு வேண்டாம் என்று தள்ளினேன். அண்ணன் கையை விட்டாலும் விடுவான்.

கடைசியில் அகப்பட்டது ஒரு பீரோ கேம். பழைய கட்டடம், லிப்ட் ரிப்பேர். ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்துப் பீரோவை ஒன்பதாம் மாடிக்குத் தூக்கிப் போக வேண்டும், அவ்வளவுதான். விமர்சனம் எழுதியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒருவர், 'முடிக்கவில்லை, ஆனால் என் தம்பியோடு இவ்வளவு சிரித்து வருஷக்கணக்காகிறது' என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரிக்காகவே வாங்கினேன்.

அடுத்த ஞாயிறு சாவி வந்தான். அண்ணன் சோபாவின் அந்தக் கோடியில், அவன் இந்தக் கோடியில். நடுவில் இன்னொரு பீரோவே வைக்கலாம். "வாங்க" இல்லை, "உட்காருங்க" இல்லை. சாவியோ "சார், நீங்க முன்னாடி பிடிக்கிறீங்களா?" என்று பரீட்சைக்கு வந்தவன் போலக் கேட்டான்.

முதல் மாடியில் பீரோவின் கதவு திறந்துகொண்டு அண்ணனின் ஆளை உள்ளே விழுங்கியது. இரண்டாம் மாடியில் ஜன்னல் உடைந்தது. அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது, அதை இருமலாக மாற்றினான். மூன்றாம் மாடித் திருப்பத்தில் பீரோ சிக்கிக்கொண்டதும் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"பக்கத்துலயே லிப்ட் இருக்கு. அதச் சரி பண்ணாம படியில தூக்கச் சொன்னவன் யாரு?"

"அது சும்மா படம்ணா. வேலை செய்யாது" என்றேன்.

தொழிலைக் குறைத்துப் பேசினால் அவன் விடுவானா? திரையில் தன் ஆளை அனுப்பி லிப்ட் சுவரை அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்த்தான். ஒரு தகடு கழன்று விழுந்தது. உள்ளே வயர்கள். இப்படி ஒருவன் வருவான் என்று அந்த கேமைச் செய்தவர்கள் எதிர்பார்த்திருக்கிறார்கள். அண்ணன் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து எனக்குப் பாதி உயிர் வந்தது.

அதுவும் இரண்டு பேர் வேலைதான். அண்ணன் கீழே இறங்கி பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, அங்கே ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சாவி மேலே வயரை மாட்ட வேண்டும். பீரோவை லிப்டுக்குள் தள்ளிவிட்டு ஆரம்பித்தார்கள்.

"சிவப்ப எடுத்து மேல மாட்டு."

சாவி பச்சையை எடுத்து மேலே மாட்டினான். பொறி பறந்தது, லிப்ட் பீரோவோடு தடதடவென்று அடிமட்டத்துக்குப் போனது.

மறுபடி மேலே ஏற்றினார்கள். "சிவப்பு" என்றான் அண்ணன், நிறுத்தி. சாவி திரைக்கு அருகில் போய்ப் பார்த்துவிட்டு மறுபடியும் பச்சையையே எடுத்தான். மறுபடியும் தடதட.

போச்சு, எல்லாம் போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திட்டு வரவில்லை. கண்ணைத் திறந்தபோது அண்ணன் மூலையில் கிடந்த தன் வேலைப் பையைத் துழாவிக்கொண்டிருந்தான். சிவப்பில் ஒன்று, பச்சையில் ஒன்றாக இரண்டு துண்டு வயரை எடுத்து டீ மேசையில் வைத்தான்.

"இதுல சிவப்பு எது?"

சாவி இரண்டையும் வெகுநேரம் பார்த்தான். காது மடல் வரை முகம் கன்றிப்போனது. "எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றான். "முன்ன பஸ் ஓட்டுற வேலைக்குப் போனேன். கண்ண சோதிச்சுட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க. அதுலருந்து வெளிய சொல்றதில்ல. சாவி வெட்டக் கலர் தேவையில்லையே."

தக்காளி பழுத்ததா என்று அவன் எப்போதும் என்னைக் கேட்பதும், ஒரு காலில் ஒரு சாக்ஸும் மறு காலில் வேறு சாக்ஸுமாக வருவதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அதை ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் வயரை உருட்டியபடியே கேட்டான்:

"அந்தத் துப்பாக்கி கேம்ல ஆளு விழுந்தா தலைக்கு மேல என்ன வரும்?"

"ஏதாவது வருமா?" என்றான் சாவி.

"சிவப்பா ஒரு குறி வரும். நான் விழுந்தது புல்லுல."

"நீங்க முன்னால போயிட்டீங்கன்னு நினைச்சேன் சார். உங்களத் தேடித்தான் அப்படி ஓடினேன்."

நான் டீ போடுகிறேன் என்று சமையலறைக்குப் போய், அடுப்பைப் பற்ற வைக்காமலே நின்று அழுதேன். அப்பாடா என்று இருந்தது. அண்ணன் ஒத்துக்கொள்வானா மாட்டானா என்பது கூட அந்த நேரத்தில் பெரிதாகத் தெரியவில்லை. என் முள் போய்விட்டது. அவன் தாண்டி ஓடவில்லை, தேடி ஓடியிருக்கிறான். அதற்குள் சந்தேகப்பட்டேனே என்று என் மேலேயே கோபமும் வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு பாலை வைத்தேன்.

டீயோடு வந்தால் திரையில் பீரோவைக் காணோம். அது லிப்டோடு அடிமட்டத்தில் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு, அண்ணன் துப்பாக்கி கேமின் செட்டிங்ஸில் ஏதோ தேடிக்கொண்டிருந்தான். சிவப்புக் குறியை நீலமாக மாற்றும் வசதி அதற்குள் இத்தனை நாளாக இருந்திருக்கிறது. மாற்றினான். "இது தெரியுதா?" என்றான். "நல்லாத் தெரியுது" என்றான் சாவி.

ஆட்டம் தொடங்கியது. அதே புல்வெளி. எந்தப் புதருக்குப் பின்னால் யார் ஒளிந்திருப்பார்கள் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவன் அண்ணன், நட்ட நடுவே போய் நின்றான். குண்டு பாய்ந்து விழுந்தான். வாயைத் திறக்கவில்லை.

எங்கோ முன்னால் ஓடிக்கொண்டிருந்த சாவியின் ஆள் சட்டென்று நின்றான். திரும்பினான். சுற்றிலும் சுட்டுக்கொண்டிருக்க, புல்வெளியின் குறுக்கே வந்த வழியே ஓடி வந்து குனிந்து கை கொடுத்தான்.

"எந்திரிங்க மச்சான்" என்றான். சார் எங்கே போனது என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

அண்ணன் எழுந்துகொண்டான். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் என்னைக் கேட்டான்:

"வாயாடி, வெள்ளிக்கிழமை எத்தன மணிக்கு வரணும்?"