மாறாத உடம்பு

"கொழுப்பு எங்கேயோ காணாமப் போகுதும்மா," என்றார் பெரிய டாக்டர், வரவேற்பு மேசையில் இருக்கிற நான்தான் அதை எடுத்து டிராயரில் பூட்டி வைத்துவிட்ட மாதிரி. காணாமல் போவது என் கொழுப்புதான்.

எங்களுடையது ஓர் ஆராய்ச்சிக்கூடம். மனிதர்களின் வயிற்றில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று எம்.ஆர்.ஐ. படம் எடுத்து அளக்கிறார்கள். நான் வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுத்து உட்கார வைக்கிறவள். இயந்திரம் ஒழுங்காக அளக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், கூடவும் செய்யாத குறையவும் செய்யாத ஓர் உடம்பை அடிக்கடி படம் எடுத்துப் பார்க்க வேண்டுமாம். அப்படிப்பட்ட ஆளுக்குப் பெரிய டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என்னைக் காட்டினார். "இவங்கதான் வருஷக்கணக்கா அப்படியே இருக்காங்க." எனக்குக் கல்யாணம் ஆகாதது, வேலை மாறாதது, வீடு மாறாதது எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. இருந்தாலும் பெருமையாகத்தான் போய்ப் படுத்தேன்.

இப்போது சில மாதங்களாக என் எண் இறங்கிக்கொண்டே வருகிறது. ஆளாளுக்கு ஒரு காரணம் தேடினார்கள். படத்தில் கொழுப்பு வெள்ளையாகத் தெரியும். குடலில் கிடக்கிற சாப்பாடும் சில நேரம் வெள்ளையாகத் தெரிந்து ஏமாற்றும். ஓரங்களில் காந்தத்தின் பலம் குறைந்து படம் மங்கும். ஆள் கொஞ்சம் மேலே தள்ளிப் படுத்தாலே வேறு இடம் பதிவாகிவிடும். இயந்திரத்தைச் செய்த கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து, நாள் முழுக்கத் தோண்டித் துருவி, அதன் மேல் தப்பே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மிச்சம் இருந்தது கோட்டுக்காரர்.

படத்தில் கொழுப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மவுஸால் கோடு இழுப்பது அவர் வேலை. மங்கலான ஓரத்தில் கோட்டை உள்ளே தள்ளுவதா வெளியே தள்ளுவதா என்பதை அவர் கண்தான் முடிவு செய்யும். ஒப்பந்த ஆள். அவருக்குக் கை தளர்ந்துவிட்டது என்று பேச்சு கிளம்பியது. பாவம், புது மூக்குக்கண்ணாடி மாற்றிப் பார்த்தார். எண் மேலும் இறங்கியது. ஒருநாள் மத்தியானம் என் மேசைப் பக்கம் வந்து தண்ணீர் குடித்தார்.

"நாளைக்குக் கடைசியா ஒரு படம் எடுக்கறாங்க மேடம். அதுலயும் குறைஞ்சா இந்த மாசத்தோட நின்னுக்கச் சொல்லிட்டாங்க. பொண்ணை இப்பதான் ஸ்கூல்ல சேர்த்திருக்கேன். எனக்கே என் கண்ணு மேல சந்தேகம் வந்துருச்சு."

அவர் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

தங்கச்சி கல்யாணமாகிப் போனதிலிருந்து நான் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. நாற்பதைத் தாண்டிய பிறகு அவளுக்கு ஒருவர் அமைந்தார், நல்ல மனுஷர். நான்தான் முன்னால் நின்று கல்யாணத்தை நடத்தினேன். அவள் போன பிறகுதான், இத்தனை வருஷமும் அவளோடு வாயாடத்தான் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறேன் என்பது உறைத்தது. உப்பு ஜாஸ்தி என்று சண்டைக்கு வர ஆள் இல்லாத சோறு எனக்கு இறங்குவதில்லை. டீயும் பிஸ்கட்டுமாகப் பொழுது ஓடுகிறது. போனில் "சாப்பிட்டியாக்கா?" என்பாள். "வயிறு முட்ட ஆச்சுடி" என்பேன்.

படம் எடுக்கிற பெண் வெளியாட்களையெல்லாம் எடை மெஷினில் ஏற்றித்தான் உள்ளே விடுவாள். என்னிடம் மட்டும், "அதே வெயிட்தானேக்கா?" என்று கேட்டுக்கொள்வாள். நான் தலையாட்டுவேன். நான்தான் மாறாதவளாயிற்றே. உண்மையைச் சொன்னால் ஏன் இளைத்தாய் என்று கேட்பார்கள். கேட்டால் அழுதுவிடுவேன். அதற்குப் பயந்துதான் ஒரு மனுஷன் பிழைப்பில் மண் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள், "அதேதானேக்கா?" என்றாள் அந்தப் பெண்.

"இல்லம்மா. ஏறிப் பாத்துடறேன்."

அவள் எண்ணைப் பார்த்தாள். என்னை இறங்கச் சொல்லி மறுபடியும் ஏற்றினாள். பிறகு கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பார்த்து, "சார்!" என்று கத்தினாள். பெரிய டாக்டர் ஓடி வந்தார், பின்னாலேயே கோட்டுக்காரர்.

"மெஷின் மேலயும் தப்பில்ல, இவர் மேலயும் தப்பில்ல சார். நான்தான் இளைச்சுட்டேன். ரொம்ப நாளாவே."

"அட, இதை முன்னாடியே சொல்லக்கூடாதாம்மா!" பெரிய டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "இளைச்சதையும் எவ்வளவு கரெக்டா பிடிச்சிருக்கு பாருங்கய்யா! இதை விட வேற சாட்சி வேணுமா?" கோட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். ஏன் இளைத்தாய் என்று கேட்பார்கள் என்று நான் காத்திருந்தேன். பதிலைக்கூட ராத்திரியே யோசித்து வைத்திருந்தேன், அழாமல் சொல்கிற மாதிரி.

"சரி, வந்ததுக்கு இந்தப் படத்தையும் எடுத்துடுவோம். அடுத்த தடவைக்கு வேற ஆள் பாத்துக்கலாம்," என்றார் பெரிய டாக்டர்.

படுத்தேன். மேடை என்னைக் குழாய்க்குள் இழுத்துக்கொண்டது. உள்ளே இருப்பவர்கள் பயப்படாமலிருக்க முகத்துக்கு மேலே ஒரு சின்னக் கண்ணாடி உண்டு, அதில் அடுத்த அறை தெரியும். படம் அசையக் கூடாது என்பதால் மூச்சைப் பிடிக்கச் சொல்வார்கள், முடிந்ததும் விடச் சொல்வார்கள்.

"மூச்சை இழுத்துப் பிடிங்கக்கா," என்றது அந்தப் பெண்ணின் குரல்.

பிடித்தேன். இயந்திரம் தடதடவென்று அடித்து ஓய்ந்தது. கண்ணாடியில், பெரிய டாக்டர் கோட்டுக்காரரின் தோளைத் தட்டி என்னவோ சொன்னார். கோட்டுக்காரர் எவ்வளவோ நாளைக்கப்புறம் சிரித்தார். அந்தப் பெண்ணும் மைக்கை விட்டுவிட்டு அவர்கள் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். மூன்று பேரின் முதுகும் எனக்கு நன்றாகத் தெரிந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.